தனியே வைத்த விதை

சுக்கினி என்கிற சீமைச்சுரையின் விதையைப் படுக்கவைத்து ஊன்றக் கூடாது. பலரும் செய்கிற தப்பு அதுதான். தட்டையான விதை, படுக்கவைத்தால் முதுகில் ஈரம் தேங்கி, முளைப்பதற்கு முன்பே அழுகிவிடும். விளிம்பில் நிற்கவைத்து, ஒரு விரற்கடை ஆழத்துக்கு அழுத்தி, மேலே மண்ணைத் தூவி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் ஒரு வாரத்தில் எட்டிப் பார்க்கும். எங்கள் பக்கம் மே மாதக் கடைசி வரை உறைபனியை நம்ப முடியாது. அதனால் ஏப்ரல் நடுவில் வீட்டுக்குள்ளேயே முளைக்கவைத்து, ஜூன் பிறந்த பிறகுதான் வெளியே நடவேண்டும். என் தங்கை பெவர்லிக்கு நான் கற்றுக்கொடுத்தது இதைத்தான். நன்றாகவே கற்றுக்கொண்டாள். எட்டு விதையில் ஏழு முளைத்தன.

கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதற்குப் பதிலாக நானே எழுதித் தருகிறேன் என்றதும் சம்மதித்தீர்கள். அதற்கு நன்றி. பேசும்போது நடுவில் நடுவில் நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறீர்கள். எனக்கு அது இடைஞ்சலாக இருந்தது.

என் பெயர் டோரீன் ஹேல்ஸ்டெட். வயது அறுபத்தொன்பது. முப்பத்தோரு வருடம் பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி பரிமாறும் வேலை. ஒரு பிள்ளை தட்டோடு வந்து நின்றால் மிச்சம் வைக்குமா, வழித்துச் சாப்பிடுமா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பிடிக்காததை ஒதுக்கும் பிள்ளைகள் உண்டு. பிடிக்காவிட்டாலும், பரிமாறியவள் மனம் நோகக்கூடாது என்று கண்ணை மூடி விழுங்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் குறைவு. ஆனால் வளர்ந்த பிறகும் அவர்கள் மாறுவதில்லை.

பெவர்லி எனக்கு ஆறு வயது இளையவள். அம்மா போனபோது எனக்குப் பதினேழு, அவளுக்குப் பதினொன்று. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அவர் செத்துப் போகவில்லை, சும்மா போய்விட்டார். அன்றிலிருந்து அவளுக்கு எல்லாம் நான்தான். அவளுக்கு நெஞ்சு பலவீனம். டாக்டர்கள் அப்படிச் சொன்னார்களா என்று கேட்பீர்கள். ஒருவர் சொன்னார். மற்றவர்கள் சொல்லவில்லை. ஆனால் இரவும் பகலும் கூடவே இருந்து பார்த்தவள் நான். பள்ளியில் நீச்சல் வகுப்புக்கு அனுப்பவில்லை. இருபத்திரண்டு வயதில் லீட்ஸில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. அந்த ஊர்ப் புகை அவளுக்கு ஆகாது. கொஞ்சநாள் அழுதாள். பிறகு எங்கள் தெருமுனையில் கம்பளிநூல் கடையில் வாரம் மூன்று நாள் உட்கார்ந்தாள். கடையின் வாசல் எங்கள் முன்னறை ஜன்னலிலிருந்து தெரியும். நாற்பது வருடம் இப்படி நன்றாகவே போயிற்று.

அந்தப் பெரிய தொற்று வந்த குளிர்காலத்தில் பெவர்லிக்கு மணமும் ருசியும் போய்விட்டன. எல்லோருக்கும் திரும்பி வந்தது, அவளுக்கு வரவில்லை. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு எதுவும் தெரியாது. சூடு தெரியும், வழவழப்பு தெரியும், அவ்வளவுதான். முதலில் வருத்தப்பட்டாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். "இப்போ உன் முட்டைக்கோஸ் சூப்பு எவ்வளவோ தேவலை, டோரீன்" என்பாள். சமைப்பதும் பரிமாறுவதும் எப்போதும் நான்தான். இதிலும் மாற்றம் ஒன்றும் இல்லை.

எனக்குக் குன்றின் சரிவில் ஒரு தோட்டத்துண்டு உண்டு. நகராட்சி வாடகைக்கு விடுவது. மூன்று வருடத்துக்கு முன்பு பக்கத்துத் துண்டுக்கு ட்ரெவர் ஆர்மராட் வந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், மனைவியை இழந்தவர். சத்தமாகப் பேசுவார், தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிப்பார். அந்த வருடம் வேலி முழுக்க அழகுச்சுரை ஏற்றியிருந்தார்: கோடு போட்டது, பரு வைத்தது, கழுத்து வளைந்தது. தின்ன முடியாது; அலமாரியில் வைத்துப் பார்க்கத்தான் ஆகும். அவர் மனைவிக்கு அவை பிடிக்குமாம்.

முதல் நாளே என்னைப் பார்த்து, "நீங்க ஆஸ்பத்திரி மேட்ரனா இருந்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை. ஏன்?"

"செடியெல்லாம் படுக்கை படுக்கையா படுத்திருக்கு. ஒண்ணுகூட அசைய மாட்டேங்குதே. அதான் கேட்டேன்."

அதற்குப் பிறகு என்னை மேட்ரன் என்றுதான் கூப்பிட்டார். பெவர்லி அன்று தேநீர்க் குடுவையோடு வந்திருந்தாள். அவள் சிரித்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. நான் குறித்துக்கொண்டேன்.

என் சீமைச்சுரைக்கும் ட்ரெவரின் அழகுச்சுரைக்கும் நடுவே முப்பதடி கூட இல்லை. தேனீக்கு வேலி கிடையாது. நான் எப்போதும் என் காயிலிருந்தே விதை எடுத்துவைப்பவள். அடுத்த வருடம் அந்த விதையில் வந்த நான்கு செடிகளில் ஒன்று கலப்பு. பார்க்க மற்றவை போலத்தான் இருந்தது. தோலில் மட்டும் வெளிறிய கோடுகள். ஜூலையில் அதன் காயைச் சூப்பில் போட்டேன். பெவர்லிக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு அடுப்பை அணைத்து வந்து உட்கார்ந்து ஒரு கரண்டி வாயில் வைத்தேன். பேய்ச்சுரை. கசப்பு என்று சொன்னால் போதாது. நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. கைக்குட்டையில் துப்பினேன். தலை நிமிர்ந்து பார்த்தபோது பெவர்லி பாதிக் கிண்ணத்தை முடித்திருந்தாள்.

அது கெடுதல் என்று எனக்குத் தெரியும். தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். கசக்கும் சுரையைத் தின்னாதே என்பார்கள். சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன் என்றுகூட நினைக்கிறேன். ஆனால் அவள் அப்போது பேசிக்கொண்டிருந்தாள். ட்ரெவர் அவளை மோர்க்கம் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறாராம், சனிக்கிழமை, ரயிலில். இதைச் சொல்லிக்கொண்டே அவள் கிண்ணத்தைக் காலிசெய்தாள். நான் என் சூப்பைத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் பாத்திரம் கழுவினேன்.

மூன்று நாள் படுத்திருந்தாள். வாந்தி, பேதி, வயிற்றைப் பிடித்து முறுக்கும் வலி. நான் நெற்றியில் ஈரத்துணி போட்டேன், கரண்டி கரண்டியாக வெந்நீர் கொடுத்தேன், முடியைக் கோதிவிட்டேன். பதினொரு வயதில் இருந்த மாதிரியே என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். "நீ இல்லேன்னா நான் என்ன ஆவேன்" என்றாள். இதை அவள் பல வருடமாகச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மோர்க்கம் பயணம் நின்றது.

அந்தக் கோடையில் இன்னும் இரண்டு முறை கொடுத்தேன். கொஞ்சமாகத்தான். எவ்வளவு கொடுத்தால் ஒரு நாள், எவ்வளவு கொடுத்தால் மூன்று நாள் என்பது எனக்கு அத்துப்படி ஆயிற்று. கண்மூடித்தனமாகச் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். அவள் உடம்பை நான் ஒருபோதும் ஆபத்துக்குள் விட்டதில்லை.

இலையுதிர் காலத்தில் அந்தச் செடியில் ஒரு காயை முற்றவிட்டு விதை எடுத்தேன். உலர்த்தி உறையில் போட்டு, உறைமேல் வருடத்தையும், 'கசப்பு. தனியே வைக்கவும்' என்றும் எழுதினேன். நான் எதற்கும் பெயர் எழுதாமல் வைப்பதில்லை. மற்ற விதையோடு கலந்துவிட்டால் யாராவது தெரியாமல் விதைத்துத் தொலைப்பார்கள்.

ட்ரெவர் போகவில்லை. பெவர்லி படுத்தபோதெல்லாம் கஸ்டர்டோ பூவோ எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். குளிர்காலத்தில் ஒருநாள் எங்கள் முன்னறையில் உட்கார்ந்து, தேநீர்க் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே சொன்னார்:

"ஒண்ணு கவனிச்சீங்களா, மேட்ரன்? இவ என் வீட்ல மீனும் சிப்ஸும் தின்னா குதிரை மாதிரி இருக்கா. இங்க தின்னாத்தான் படுத்துக்கிறா. உங்க சமையல்தான் ஒத்துக்கல போலிருக்கு."

பெவர்லி அவர் முழங்காலில் தட்டினாள். "சும்மா இருங்க. அவ சமையல்லதான் நான் அம்பது வருஷமா உயிரோட இருக்கேன்."

"அதான் நானும் சொல்றேன். அதிசயம்தான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் வேடிக்கையாகச் சொன்ன ஒன்றை ஒருநாள் ஆற அமர யோசித்துப் பார்ப்பார்கள் அல்லவா.

பிப்ரவரியில் கல்யாணம் என்றார்கள். செப்டம்பரில் பதிவு அலுவலகத்தில் முடித்துக்கொண்டு கடலோர லிதமில், அவர் மகள் ஜில் இருக்கும் தெருவிலேயே, ஒரு சின்ன வீட்டுக்குப் போய்விடுவதாக ஏற்பாடு. என்னையும் கேட்டார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போகலாமாம். பெவர்லி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கோபப்படுவேன்னு பயந்துட்டே இருந்தேன்" என்றாள். கோபம் இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை. வீட்டுக்குள்ளேயே வளர்த்த நாற்றைப் பனி நிற்பதற்கு முன்பு தூக்கி வெளியே வைக்கப் பார்ப்பவரிடம் கோபப்பட்டு என்ன பயன். அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஏப்ரலில் பெவர்லியே வந்து கேட்டாள்.

"எனக்கும் ஏதாவது வளக்கச் சொல்லிக்கொடு, டோரீன். இந்த வயசு வரைக்கும் நான் ஒரு செடிகூட வளத்ததில்ல. அங்க போனப்புறம் அவர் பக்கத்துல சும்மா நின்னுட்டு இருக்க முடியுமா?"

"சீமைச்சுரை போடு. அதுதான் சுலபம்."

விதைப் பெட்டியைத் திறந்து அந்த உறையை எடுத்து, எட்டு விதைகளை அவள் உள்ளங்கையில் எண்ணி வைத்தேன். இதை நான் யோசித்துச் செய்தேனா, கை தானாகச் செய்ததா என்று கேட்டீர்கள். யோசித்துத்தான் செய்தேன்.

அந்த ஏழு வாரம் அவள் சந்தோஷமாக இருந்தாள். இதையும் நீங்கள் பதிவுசெய்ய வேண்டும். காலித் தயிர்க் கிண்ணங்களின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, பின்னறை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் மேலே பிளாஸ்டிக் பை மூடி, காலையில் தூங்கி எழுந்ததும் இரவு உடையோடு போய்க் குனிந்து பார்ப்பாள். ஆறாம் நாள் முதல் முளை மண்ணை முட்டிக்கொண்டு வந்தபோது மாடியிலிருந்த என்னைக் கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. வெளிச்சம் வரும் பக்கமாகச் சாயாமல் இருக்க தினமும் கிண்ணத்தைத் திருப்பி வைத்தாள். மூன்றாவது இலை வந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றினாள். மே நடுவில் வெளிக்காற்றுக்குப் பழக்கினாள்: பகலில் கொல்லைப் படியில் வைப்பது, வெயில் இறங்கும்போது உள்ளே எடுப்பது. ஒருநாள் மாலை கம்பளிநூல் கடையிலிருந்து கோட்டுகூடப் போடாமல் ஓடிவந்தாள், பனி விழும் என்று ரேடியோவில் சொன்னார்களாம். அவள் ஓடி நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஏழு தொட்டியையும் உள்ளே வைத்துவிட்டு மூச்சிரைக்கச் சிரித்தாள். படுத்துக்கொள்ளச் சொன்னேன். கேட்கவில்லை.

ஜூன் முதல் வாரம் ட்ரெவர் தன் துண்டில் பாதியை அவளுக்குக் கொத்திக் கொடுத்தார். இரண்டு பேரும் முட்டிபோட்டு நட்டார்கள். "இது எல்லாம் பெவ்வோடது. நான் வெறும் கூலி" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். முதல் காயைத் தானே பறித்துத் தானே சமைத்துப் போடப்போவதாகப் பெவர்லி சொல்லிவிட்டதால், அதுவரை அவர் ஒரு பூவைக்கூடத் தொடவில்லை.

கலப்பு விதையில் எல்லாமே கசக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் விரல் நீளத்துக்குப் பிஞ்சு வந்ததும், ட்ரெவர் மகளைப் பார்க்கப் போயிருந்த ஒரு காலையில், ஒவ்வொரு செடியிலும் ஒரு பிஞ்சை அடிப்பக்கம் நகத்தால் கீறி நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஏழில் ஐந்து கசந்தன. நன்றாக இருந்த இரண்டையும் மண்ணுக்கடியில் கத்தியை விட்டு வேரை அறுத்தேன். அடுத்த நாள் வாடிக் கிடந்தன. வேர்ப்புழு என்றேன். பெவர்லி அந்த இரண்டுக்காகவும் கண் கலங்கினாள். ட்ரெவர் அவள் தோளில் கைபோட்டு, "அஞ்சு இருக்கே கண்ணு, ஊருக்கே போடலாம்" என்றார்.

ஜூலையில் ஒரு ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. காலையிலிருந்து பெவர்லி என்னைச் சமையலறைக்குள் விடவில்லை. சீமைச்சுரையை வட்டமாக அரிந்து, வெண்ணெயில் வதக்கி, பூண்டும் புதினாவும் சேர்த்து, மேலே சீஸும் ரொட்டித்தூளும் தூவி அடுப்பில் பொன்னிறமாக எடுத்தாள். ருசி தெரியாதவள், புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றையும் அளந்து போட்டாள். பார்க்க நன்றாகவே இருந்தது. பரிமாறும்போது மட்டும் நான் கரண்டியை வாங்கிக்கொண்டேன். பெவர்லியின் தட்டில் மூன்றே துண்டு வைத்தேன். ட்ரெவருக்கு நிறைய. எனக்கு வயிறு சரியில்லை என்று ரொட்டி மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அவர் ஒரு வாய் வைத்தார். தாடை நின்றது. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு பெவர்லியைப் பார்த்தார். அவள் தன் தட்டைத் தொடாமல், ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல், கையைக் கோத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்கா? உப்பு போதுமா? எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

"அருமை" என்றார் ட்ரெவர்.

"பொய் சொல்லாதீங்க."

"பொய் சொன்னா இப்படித் திம்பேனா?" என்று இன்னொரு வாய் எடுத்தார்.

அவர் எந்த மாதிரிப் பிள்ளை என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும். கண்ணில் நீர் வந்தது, சூடு என்றார். தண்ணீரை மூன்று முறை நிரப்பிக்கொண்டார். தட்டை வழித்து முடித்ததும் பெவர்லிக்குத் தாங்க முடியாத பெருமை. கேட்காமலே மறுபடி வைத்தாள். அதையும் சாப்பிட்டார். மிச்சத்தை டப்பாவில் போட்டு வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள். கதவருகில் அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, "என் வாழ்நாள்ல இப்படி ஒரு சாப்பாடு சாப்பிட்டதில்ல" என்றார். மறுபடி ஒரு பொய் சொல்ல மனமில்லாமல் அந்த வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

எழுபத்தொரு வயது. இதயத்துக்கு மாத்திரை எடுப்பவர். எனக்கு அது தெரியும்.

திங்கட்கிழமை காலை தொலைபேசி ஒலித்தது. பெவர்லி மாடியில் லேசான வயிற்றுவலியோடு தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன்.

"மேட்ரன், நான்தான். பெவ் எப்படி இருக்கா?"

"லேசா வயித்துவலி. தூங்குறா."

"அப்போ அந்தக் காய்தான். எனக்கு நேத்து சாயங்காலத்துலேருந்து நிக்கவேயில்ல. ரத்தமா போகுது." கொஞ்சநேரம் மூச்சு வாங்கினார். "பாருங்க, அவகிட்ட சொல்லிடாதீங்க. அவ சமைச்சதுதான்னு தெரிஞ்சா அப்புறம் அடுப்புப் பக்கமே போகமாட்டா. அந்தச் செடியை மட்டும் பூச்சின்னு ஏதாவது சொல்லிப் பிடுங்கிப் போட்டுடுங்க."

"சரி. சொல்லலை."

"சத்தியமா?"

"சத்தியமா."

"டாக்டரைக் கூப்பிடலாமான்னு பாக்கறேன்."

"கூப்பிட்டா என்ன சாப்பிட்டீங்கன்னுதான் முதல்ல கேப்பாங்க. அப்புறம் பெவ்வுக்குத் தெரியாம இருக்குமா? வெந்நீர் குடிச்சிட்டுப் படுங்க. ரெண்டு நாள்ல சரியாப்போயிடும். அவளுக்குப் போன வருஷம் மூணு தடவை போச்சே, சரியாகலயா?"

"அதுவும் சரிதான்." மறுபடி மூச்சு. "நீங்க நல்லவங்க, மேட்ரன். நான்தான் உங்களைத் தப்பா எடைபோட்டுட்டேன்."

நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். பெவர்லியிடம் அவர் இரண்டு நாள் மகள் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். புதன்கிழமை, முந்தின நாள் பால் வாசலிலேயே கிடந்ததைப் பார்த்து உள்ளே போன பால்காரர், அவர் குளியலறைத் தரையில் கிடப்பதைக் கண்டார். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்தார்.

டப்பாவில் இருந்த மிச்சத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். விசாரணையில் தற்செயல் என்றார்கள்; வீட்டில் எடுத்த விதை, பக்கத்தில் அழகுச்சுரை, தேனீ. எல்லாம் சரியாகவே சொன்னார்கள். பெவர்லியைப் பார்த்து, உங்கள் மேல் தப்பில்லை அம்மா என்று விசாரணை அதிகாரி அன்பாகவே சொன்னார். பெவர்லிக்கு அது கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவருக்குக் கசந்திருக்குமே, டோரீன். ஏன் சொல்லல?"

"உன் மனசு நோகும்னுதான்."

நான் உண்மையைத்தான் சொன்னேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவருக்கும் ருசி மரத்திருக்கும், வயதாகிவிட்டது, இப்படி ஏதாவது. ஆனால் நான் அவளிடம் பொய் சொல்வதில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகம் சுருங்கத் தொடங்கியது. அதற்கப்புறம் நவம்பர் வரை படுக்கையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

அந்த இலையுதிர் காலம் அமைதியாக இருந்தது. நான் தலை வாரிவிட்டேன், ஊட்டிவிட்டேன், கதை படித்துக்காட்டினேன். ஜில்லிடமிருந்து வந்த கடிதங்களை அவள் தாங்கமாட்டாள் என்று எடுத்துவைத்தேன். அவள்தான் கொன்றாள் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அவள் தானாகச் சொல்லும்போது, "உனக்கு எப்படித் தெரியும், பாவம்" என்று மட்டும் சொல்வேன். இரவில் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். கம்பளிநூல் கடைக்கு இனி வரமாட்டாள் என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச்சில் ஜில் நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள். அப்பாவின் சாமான்களைத் தொட அதுவரை அவளுக்கு மனம் வரவில்லையாம். கையில் அவருடைய தோட்ட டைரி. மழை, விதைப்பு, அறுவடை என்று தினம் இரண்டு வரி எழுதுவார் போலிருக்கிறது. என்னிடம் காட்டாமல் மாடிக்குப் போய்ப் பெவர்லி கையில் கொடுத்தாள். நீங்கள் பிறகு எனக்குப் படித்துக்காட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கம்: 'பெவ்வின் காய் எட்டிக்காயாகக் கசந்தது. இரண்டு தட்டு. அவள் முகத்தைப் பார்த்தபின் வேறு வழியில்லை. மேட்ரன் தொடவேயில்லை.' திங்கட்கிழமைப் பக்கம்: 'மேட்ரனுக்குப் போன் செய்தேன். டாக்டர் வேண்டாம் என்கிறாள். பெவ்வுக்குச் சொல்லமாட்டாள்.' எழுத்து கோணலாக இருந்ததாக ஜில் சொன்னாள்.

பெவர்லி கீழே வந்தாள். நான்கு மாதமாக மாடிப்படியில் என் கையைப் பிடிக்காமல் அவள் இறங்கியதில்லை. நேரே சமையலறைக்குப் போய், அலமாரிமேல் இருந்த விதைப் பெட்டியை எடுத்து மேசையில் கவிழ்த்தாள். உறைகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். லீக், பீட்ரூட், அவரை. அந்த உறை வந்ததும் நின்றாள். வருடத்தைப் பார்த்தாள். முதல்முறை படுத்த வருடம் அதுதானா என்று மனதுக்குள் கணக்குப் போடுவது உதட்டசைவில் தெரிந்தது.

"எனக்கு எந்த உறையிலேருந்து குடுத்தே?"

நான் அவளிடம் பொய் சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறேன்.

"அதுலேருந்துதான்" என்றேன்.

அவள் கோட்டை எடுத்து மாட்டினாள். உறையைக் கோட்டுப்பையில் போட்டுக்கொண்டாள். கோட்டுப் பொத்தான்களைத் தானே போட்டாள், ஒன்று மாறிப் போட்டாள், கழற்றிச் சரியாகப் போட்டாள். "காலையிலேருந்து நீ ஒண்ணும் சாப்பிடலயே" என்றேன். ஜில் கதவைத் திறந்து பிடித்திருந்தாள். இரண்டு பேரும் நேரே காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்தார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஆக, நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் இது. ட்ரெவர் ஆர்மராட் சாகட்டும் என்றுதான் அந்த விதையைக் கொடுத்தேன். அவர் சொல்லாமல் சாப்பிடுவார் என்று தெரிந்தே பரிமாறினேன். டாக்டர் வந்தால் பிழைத்துவிடுவார் என்று தெரிந்தே வேண்டாம் என்றேன். அது பெவர்லியின் கையால் நடந்தால் அதற்குப் பிறகு அவள் எங்கும் போகமாட்டாள் என்றும் தெரியும். இதைக் கொலை என்று எழுதுவீர்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பெவர்லிக்குக் கெடுதல் செய்ததாக ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அதை அடித்துவிட வேண்டும். அதற்கு நான் கையெழுத்துப் போட முடியாது.

என்னைப் பார்க்க வருவாளா என்று கேட்டதற்கு, அவளுக்கு விருப்பமில்லை என்றீர்கள். வருத்தமாக இருக்கிறாளா என்று கேட்டதற்கு, நேற்று நீங்கள் லிதமுக்குப் போனபோது அவள் வீட்டில் இல்லை, ஏப்ரல் மாதக் கடலில் முழங்கால்வரை இறங்கி நடந்துகொண்டிருந்தாள் என்றீர்கள். தினமும் போகிறாளாம். ஜில்லைவிட வேகமாக நடக்கிறாளாம். மாத்திரை ஒன்றும் எடுப்பதில்லையாம். ஒருமுறைகூட இருமவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் என்ன சொல்வேன் என்று எதிர்பார்த்தீர்களோ தெரியவில்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஐம்பத்திரண்டு வருடம் அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். அந்தக் கவனிப்பு இப்போதுதான் அவள் உடம்பில் பிடித்திருக்கிறது.